கத்தி யார் கையில் கொடுக்கப்பட்டது? – ஃபெல்லோஷிப் விண்ணப்பங்களும் நம் இளம் மருத்துவர்களும்

“அப்ளிகேஷன் கொஞ்சம் வீக்கா இருக்கும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

எம்.டி., எம்.எஸ். முடித்து ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர் கேட்டுவிட்டுத் திரும்பும் வாக்கியம் இது. குடும்பத்தில் முதல் மருத்துவர். பல நேரம் அந்தத் தெருவுக்கே முதல் மருத்துவர். பிளஸ் டூ, நீட், எம்.பி.பி.எஸ்., நீட் பி.ஜி. என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்தவர்கள், கடைசி வாசலில் ஒரே ஒரு சொல்லால் நிறுத்தப்படுகிறார்கள். எது வீக், எதனால் வீக் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

இதற்கு நம் வட்டத்திலேயே இரண்டு பதில்கள் உலவுகின்றன. “எல்லாம் சாதிதான், விண்ணப்பித்துப் பயனில்லை” என்பது ஒன்று. “சாதி பற்றிப் பேசாதே, இன்னும் கடினமாக உழை, தானாகக் கிடைக்கும்” என்பது மற்றொன்று. முதலாவது சரியான கோபம், ஆனால் அந்த இளம் மருத்துவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டாவது அவரையே குற்றவாளி ஆக்குகிறது.

நாங்கள் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. விண்ணப்பக் கோப்பைத் திறமையை அளக்கும் தராசாகப் பார்ப்பதே முதல் பிழை. ஒருவருக்கு எவ்வளவு வாய்ப்பு பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது என்பதன் பதிவேடு அது. பங்கீடு அநியாயமாக நடந்தது என்பதற்காகப் பதிவேடு தானாகத் திருந்திவிடாது. உட்கார்ந்து திருத்த வேண்டும், கூட்டாகத் திருத்த வேண்டும். அதே மூச்சில் பங்கீட்டையும் கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

இரண்டு வாசல்கள்

மருத்துவம் படிக்காத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதுநிலை முடித்த மருத்துவர் மேலே போக முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று டி.எம்., எம்.சிஎச். எனப்படும் உயர் சிறப்பு மருத்துவப் படிப்புகள். இதயம், சிறுநீரகம், நரம்பியல், புற்றுநோய் அறுவை போன்றவை. 2017 முதல் இவற்றுக்கு நீட் எஸ்.எஸ். என்ற ஒற்றை நுழைவுத் தேர்வு.

இங்கே இட ஒதுக்கீடு கிடையாது. 1992 மண்டல் தீர்ப்பிலேயே, அதாவது இந்திரா சஹானி வழக்கில், மருத்துவ உயர் சிறப்புப் பிரிவுகள் போன்ற இடங்களில் இட ஒதுக்கீடு உகந்ததல்ல என்ற கருத்து இடம்பெற்றது. 1999இல் பிரீத்தி ஸ்ரீவத்ஸவா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் அழுத்திச் சொன்னது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்கு இந்த இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கி 2020 நவம்பரில் அரசாணை வந்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த அனுமதித்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு முக்கியமான கதவு. ஆனால் அது பணிக்கான ஒதுக்கீடு. சமூகத்துக்கான ஒதுக்கீடு அல்ல.

‘இந்த உயரத்தில் தகுதியில் சமரசம் கூடாது’ என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டில் காலியிடங்களை நிரப்ப, எல்லாப் பிரிவினருக்கும் தகுதிப் பர்சன்டைலைப் பூஜ்யமாக்கியது ஒன்றிய அரசு. இடம் காலியாகக் கிடந்தால் தகுதி பூஜ்யத்துக்கும் இறங்கும். இட ஒதுக்கீடு என்று வாயைத் திறந்தால் மட்டும் நோயாளியின் உயிர் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது வழி ஃபெல்லோஷிப். விழித்திரை, கார்னியா, முதுகெலும்பு, மூட்டு மாற்று, குழந்தையின்மைச் சிகிச்சை, வலி தணிப்பு என்று ஒரு துறைக்குள் இன்னும் நுட்பமான பிரிவில் ஓரிரு ஆண்டுகள் பயிற்சி. தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி.க்குத் தேர்வு உண்டு. ஆனால் கண் மருத்துவமனைகள், அறக்கட்டளை மருத்துவமனைகள், பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் வழி வேறு. தன்விவரம், நோக்கக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள், அறுவைக் கணக்கு, பிறகு நேர்காணல். சில இடங்களில் கூடவே ஒரு சிறு எழுத்துத் தேர்வு.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். கணினித் தேர்வில் விடைகளைத் திருத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. விண்ணப்பக் கோப்பில் எல்லாமே தெரியும்: பெயர், அப்பா பெயர், ஊர், படித்த பள்ளி, சான்றிதழில் உள்ள பிரிவு, பரிந்துரைத்தவர் யார், அவர் யாருக்குத் தெரிந்தவர். தேர்வில் நம்மைத் தடுப்பது படிக்க நேரமும் பணமும் இல்லாமை. கோப்பில் நம்மைத் தடுப்பது அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்.

கோப்பு எப்படி ‘வீக்’ ஆகிறது?

ஃபெல்லோஷிப் விண்ணப்பம் எழுதப்படுவது விண்ணப்பிக்கும் மாதத்தில் அல்ல. பி.ஜி. படிப்பின் ஒவ்வொரு நாள் காலையிலும் தியேட்டர் லிஸ்ட் ஒட்டப்படும்போது அதில் ஒரு வரி எழுதப்படுகிறது. இந்த கேஸை யார் செய்வது, யார் அசிஸ்ட் செய்வது, யார் வார்டில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது? லேப்ராஸ்கோப்பியில் முதல் ஆண்டு கேமரா பிடிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். ஒருவர் மட்டும் மூன்றாம் ஆண்டிலும் கேமராவே பிடித்துக்கொண்டிருந்தால், அவருடைய லாக் புக்கில் ‘தனியாகச் செய்தவை’ என்ற பத்தி காலியாகத்தான் இருக்கும். அவர் கையில் கத்தி கொடுக்கப்படவில்லை என்பது அந்தப் பத்தியில் எழுதியிருக்காது. ‘அனுபவம் போதாது’ என்று மட்டும்தான் நேர்காணல் குழு வாசிக்கும்.

ஆய்வுக் கட்டுரையும் இப்படித்தான். துறையில் ஏற்கெனவே சேர்த்து வைத்த தரவு இருக்கும். அதை எழுதி முடிக்கும் வேலை யாருக்குப் போகிறது? பேராசிரியரின் வீட்டுக்குப் போய்வரும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு. பெற்றோர் இருவரும் மருத்துவர்கள் என்றால், எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டிலேயே கட்டுரையில் பெயர் வந்துவிடுகிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு இதைத்தான் சமூக மூலதனம், பண்பாட்டு மூலதனம் என்று பிரித்து விளக்கினார். பணத்தைப் போலவே இவையும் பரம்பரையாகக் கைமாறுகின்றன; ஆனால் ‘திறமை’ என்ற பெயரில் கைமாறுவதால் யாரும் சொத்து என்று சொல்வதில்லை. ஐ.ஐ.டி.களில் சாதி எப்படித் தகுதியாக உருமாறுகிறது என்று அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு நூலே எழுதினார். மருத்துவக் கல்லூரிகள் அதற்கு விலக்கல்ல.

எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரிக்க சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடம் உதவி கிடைக்கவில்லை, செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் நியாயமாக மதிப்பிடப்படவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற ஆதிவாசி மருத்துவரை இழந்தோம். மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். சாதியைச் சொல்லி அவமதித்தார்கள் என்பதோடு, பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்குக்குள் போகவும் விடவில்லை என்ற புகாரும் அப்போது எழுந்தது. அந்த இரண்டாவது புகாரை நாம் போதிய அளவு பேசவில்லை. வசை காயப்படுத்துகிறது, வேலையைத் தராமல் வைப்பது ஒரு மருத்துவரை மருத்துவராகவே விடாமல் செய்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்கான ‘ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா’ என்ற கௌரவச் சங்க உறுப்பினர் தகுதி, போட்டி மிகுந்த சிறப்புத் துறைகளில் சேர்வதற்குப் பெரிய பலம். தேர்வு மதிப்பெண் உள்ளிட்ட மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்த பின்னும், கறுப்பின மாணவர்கள் அதில் சேர்க்கப்படும் வாய்ப்பு வெள்ளை மாணவர்களைவிட மிகக் குறைவு என்று 2017இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மதிப்பெண் ஒன்றாக இருந்தும் கோப்பு வேறாகிறது. யாரைப் பாராட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் பிறக்கிறது.

அண்ணலின் கோப்பு

பரிந்துரைக் கடிதம், திருத்தி மீண்டும் விண்ணப்பிப்பது என்றெல்லாம் பேசினால் சில தோழர்களுக்கு அது சமரசமாகத் தெரிகிறது. அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் படிப்பு வரலாற்றை நினைவூட்ட வேண்டும்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1916இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் சேர, கொலம்பியாவில் தனக்குப் பாடம் நடத்திய எட்வின் செலிக்மேன், லண்டனில் இருந்த பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைத்து எழுதினார். உதவித்தொகை முடிந்துவிட்டதால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இன்றைய நேர்காணல் குழுவின் மொழியில் சொன்னால், கோப்பில் ஒரு ‘இடைவெளி’. 1920இல் மீண்டும் லண்டன் போனார். டி.எஸ்ஸி. பட்டத்துக்கு 1923 மார்ச்சில் கொடுத்த ஆய்வேடு ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் சமர்ப்பித்தார், நவம்பரில் ஏற்கப்பட்டது.

பரிந்துரை, இடைவெளி, நிராகரிப்பு, மறுசமர்ப்பிப்பு. நம் பிள்ளைகள் வெட்கப்படும் அத்தனையும் அண்ணலின் கோப்பில் இருக்கிறது. அவர் எந்த இடத்திலும் தன் கருத்தை அடகு வைக்கவில்லை. கருவியைக் கையிலெடுத்தார், அவ்வளவுதான்.

திருத்துவது எப்படி?

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் நண்பர் வட்டத்தில், விண்ணப்பிக்கும் மருத்துவர்களும் ஏற்கெனவே ஃபெல்லோஷிப் முடித்த சீனியர்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கிறோம். நாங்கள் சமூகப் பணியாளர்கள். மருத்துவம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் கோப்பு எப்படி வாசிக்கப்படும் என்பது தெரியும். அங்கே கற்றதில் சில.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். நிராகரித்த இடத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, எந்தப் பகுதியை மேம்படுத்த வேண்டும் என்று கேளுங்கள். பாதிப் பேர் பதில் தரமாட்டார்கள். தருபவர்களின் ஒரு வரி, ஓராண்டை மிச்சப்படுத்தும். பிறகு, உங்களை நேசிக்காத ஒரு சீனியரிடம் கோப்பைக் கொடுத்து இரண்டு நிமிடத்தில் படிக்கச் சொல்லுங்கள். தேர்வுக் குழு அதிக நேரம் செலவிடாது. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் மனதில் நின்றது என்ன என்று கேளுங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் அதுதான் நோய்.

எங்களிடம் வந்த ஒரு கோப்பைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கண் மருத்துவர், முப்பது வயதுக்குள், முதல் தலைமுறைப் பட்டதாரி. விழித்திரை ஃபெல்லோஷிப்புக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்து மூன்றிலும் நேர்காணலுக்கே அழைக்கப்படவில்லை. கோப்பில் இருந்தது: ‘அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் பணி.’ இறுதித் தேர்வில் ஒரு அட்டெம்ப்ட். கட்டுரை எதுவும் இல்லை. பரிந்துரைக் கடிதம் கல்லூரியின் பெரிய பதவியில் இருப்பவரிடமிருந்து. அதில் ‘இவர் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று மூன்று வரி.

‘இரண்டு ஆண்டுகள் பணி’ என்பதை முதலில் பிரித்தோம். அந்த அக்கா தன் லாக் புக்கையும் தியேட்டர் பதிவேட்டையும் வைத்துக் கணக்கெடுத்தார். மாதம் எத்தனை கண்புரை அறுவை, தனியாகச் செய்தவை எத்தனை, மேற்பார்வையில் செய்தவை எத்தனை, கேப்சூல் கிழிந்தவை எத்தனை, அப்போது என்ன செய்தார்? சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை எத்தனை பேருக்குப் பரிசோதித்தார்? எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் வந்தது. அவருக்கே வியப்பு. அரசு மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் தங்கள் வேலையை எண்ணுவதே இல்லை, கூட்டத்தில் கரைந்துபோகிறது. தனியார் கல்லூரியில் படித்தவர் இருபது அறுவையை அட்டவணை போட்டுக் காட்டுவார். நம்மவர் முந்நூறைச் செய்துவிட்டு ‘பணி’ என்ற ஒரு சொல்லில் அடக்குவார். இன்றே எண்ணத் தொடங்குங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வேண்டாம். ஒரு எண்ணைக்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

உண்மையான குறை ஒன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது. அவர் செய்தவை எல்லாம் எஸ்.ஐ.சி.எஸ். முறை, ஃபேக்கோ இயந்திரத்தைத் தொடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்கு ஆட்டுக்கண்ணில் பழகும் வெட் லேப் பயிற்சியும், பிறகு ஒரு குறுகிய காலப் பயிற்சியும் தேடிச் சேர்ந்தார். குறை என்று தெரிந்தால் நிரப்பலாம். ‘வீக்’ என்று மட்டும் தெரிந்தால் அழத்தான் முடியும்.

அடுத்தது கடிதம். பெரிய பதவியைத் தேடாதீர்கள். உங்கள் கையைப் பார்த்தவரைத் தேடுங்கள். இரவு டியூட்டியில் உடனிருந்த உதவிப் பேராசிரியர், ‘நான் வந்து சேரும் முன்பே நோயாளியை நிலைப்படுத்தி தியேட்டரைத் தயாராக வைத்திருந்தார், என் யூனிட்டுக்கு வந்த பி.ஜி.க்களில் முதல் சிலரில் இவரை வைப்பேன்’ என்று எழுதினால், அது டீனின் மூன்று வரி வாழ்த்தைவிட எடை கூடியது. கேட்கும்போது, “சார், எனக்கு லெட்டர் வேணும்” என்று கேட்காதீர்கள். “சார், இந்தத் துறைக்கு என்னை உறுதியா சிபாரிசு பண்ணி எழுத முடியுமா?” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். அவருடன் சேர்ந்து செய்த முக்கியமான கேஸ்கள், நீங்கள் எடுத்த வகுப்புகள், விண்ணப்பிக்கும் பிரிவு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். மேல்சாதி வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்லித் தருகிறார். நம் பிள்ளைக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

கட்டுரை இல்லையா? எம்.டி., எம்.எஸ். முடித்த ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டுரை தூங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் உங்கள் தீசிஸ். மூன்று ஆண்டு உழைத்துக் கட்டிய பிரதி, பைண்டிங் ஆகி நூலகத்தில் இருக்கும். வழிகாட்டிய பேராசிரியரின் பெயரோடு அதைச் சுருக்கி ஒரு நல்ல இதழுக்கு அனுப்புங்கள். இப்போது படிப்பவர்களுக்கு மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் கட்டாயப் பணி இருக்கிறது. பலர் அதை விடுமுறையாகப் பார்க்கிறார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், தாமதமாக வந்து சேரும் புற்றுநோய் எல்லாம் அங்கேதான் வருகின்றன. எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தால், பெருநகரத்துக் கார்ப்பரேட் மருத்துவமனையில் கிடைக்காத தரவு உங்கள் கையில். எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது; அதற்கு விண்ணப்பியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் போலி இதழ்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது கோப்பை வலுப்படுத்தாது, கறையாக்கும்.

அட்டெம்ப்ட், இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள், கெஞ்சவும் செய்யாதீர்கள். இரண்டு வரி போதும். ‘இந்த ஆண்டு குடும்பக் காரணத்தால் ஆறு மாதம் இரவுப் பணி செய்துகொண்டே படித்தேன், ஒரு தாளில் தவறினேன், அடுத்த முறை தேறினேன், அதன்பின் செய்தவை இவை.’ உண்மை, தேதி, பிறகு நடந்தது. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

பரவலாக விண்ணப்பியுங்கள். புகழ்பெற்ற மூன்று இடங்களோடு நிறுத்தாதீர்கள். விரும்பும் துறையிலேயே ஓராண்டு சீனியர் ரெசிடென்டாக இருப்பது பல கோப்புகளை மாற்றியிருக்கிறது. சேரும் முன், அந்தச் சான்றிதழுக்கு எங்கே, என்ன அங்கீகாரம் என்று விசாரியுங்கள். டி.எம்., எம்.சிஎச். வேறு, ஒரு தனி மருத்துவமனை தரும் ஃபெல்லோஷிப் சான்றிதழ் வேறு. அரசுப் பணி பாண்ட் இருந்தால் அசல் சான்றிதழ்களும் என்.ஓ.சி.யும் எப்போது கைக்கு வரும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். கிடைத்த இடத்தைக் காகிதம் வராமல் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

அந்த அக்கா அடுத்த ஆண்டு ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டில் நேர்காணல். ஒன்றில் கிடைத்தது. அவர் ஓராண்டில் திடீரென்று திறமைசாலி ஆகிவிடவில்லை. ஏற்கெனவே செய்த வேலை இப்போதுதான் காகிதத்துக்கு வந்தது.

சாதியைச் சொல்வதா?

நோக்கக் கடிதம் எழுதும்போது எல்லோரும் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நாங்கள் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வதில்லை. முடிவு எழுதுபவருடையது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். வலியை விற்காதீர்கள். அப்பாவின் கூலி வேலை, ஓலை வீடு, அம்மாவின் அடகு நகை என்று இரண்டு பக்கம் எழுதினால், படிப்பவர் உச்சுக்கொட்டுவார்; பிறகு அடுத்த கோப்பை எடுப்பார். இரக்கம் இடம் தராது. அதே வாழ்க்கையிலிருந்து நீங்கள் கற்ற வேலையை எழுதுங்கள். சேரியில் வளர்ந்ததால், சர்க்கரை நோய்க்காரர் ஏன் விழித்திரைப் பரிசோதனைக்கு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போகும், பேருந்து இல்லை, கண் தெரிகிறதே என்ற நினைப்பு. அதை அறிந்து நீங்கள் முகாமை எப்படி மாற்றி அமைத்தீர்கள்? எத்தனை பேர் வந்தார்கள்? இது பின்னணி மட்டுமில்லை, மருத்துவ அறிவு. வேறு யாரிடமும் இல்லாத அறிவு.

சொல்ல விரும்பாதவர் சொல்ல வேண்டியதில்லை. தன் காயத்தைக் காட்டித் தகுதியை நிரூபிக்க வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. சொல்ல விரும்புபவர் தலைகுனிந்து சொல்ல வேண்டியதும் இல்லை.

நேர்காணலில் ஆங்கிலம் பயமுறுத்தும். அதற்குப் பழக்கம் ஒன்றே மருந்து. சீனியர் அண்ணன், அக்காக்கள் மூன்று பேர் குழுவாக உட்கார்ந்து ஐந்து முறை மாதிரி நேர்காணல் நடத்தினால் ஆறாவது முறை நாக்கு ஒட்டாது. எளிய ஆங்கிலத்தில், சின்ன வாக்கியங்களில் நோயாளியைப் பற்றித் தெளிவாகப் பேசுங்கள். உச்சரிப்பு வைத்தியம் பார்க்காது.

நாம் கேட்க வேண்டியவை

இதோடு நின்றால் நாம் ஒரு கோச்சிங் சென்டர்தான். ஒருவரைத் தேற்றி உள்ளே அனுப்பிவிட்டு வாசலை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த ஆண்டும் அதே வேலை. எனவே மாணவர் அமைப்புகளும் மருத்துவர் சங்கங்களில் இருக்கும் நம் தோழர்களும் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும்.

அறுவை வாய்ப்புகளைச் சுழற்சி முறையில் பங்கிட வேண்டும். எந்த பி.ஜி. எத்தனை அறுவை தனியாகச் செய்தார் என்ற கணக்கை ஒவ்வொரு துறையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். பாகுபாடு இருட்டில்தான் வளரும். எண்ணிக்கை ஒரு விளக்கு.

ஃபெல்லோஷிப் தேர்வில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பம் கோரும்போதே அறிவிக்க வேண்டும். நேர்காணல் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு வேண்டும். முதல் கட்டப் பரிசீலனை பெயரும் புகைப்படமும் இல்லாமல் நடக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எல்லோருக்கும் ஒரே கேள்விப் படிவமாக இருக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விண்ணப்பித்தவர், தேர்வானவர் எண்ணிக்கையைச் சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர்கள் இருக்க வேண்டும். உயர் சிறப்புப் படிப்புகளில் இட ஒதுக்கீடு கூடாது என்ற பழைய தீர்ப்பு வாதத்தை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மீண்டும் திறக்க வேண்டும்.

மருத்துவர் ஆகிவிட்ட தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் யூனிட் சீஃப் ஆகும் நாள் வரும். அன்று தியேட்டர் லிஸ்ட் உங்கள் கையெழுத்தில் ஒட்டப்படும். மூலையில் கேமரா பிடித்து நிற்கும் பி.ஜி.யைக் கூப்பிட்டுக் கத்தியைக் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அவருக்கு நீங்கள் எழுதும் முதல் பரிந்துரை அதுதான்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கல்லூரியில் இந்த வாரமே ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோப்பை எடுத்து வைத்துப் படியுங்கள். படித்தவர் ஒவ்வொருவரும் அடுத்து ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு. மூன்றையும் ஒரே மேசையில் செய்யலாம்.

ஜெய்பீம்.